தொட்டி லைனில் மாட்டிய டைமர்

ஏப். 6, ஞாயிறு

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. பனியன் கம்பெனிக்கு லீவு. இன்று முடிக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. சொட்டுநீருக்கு டைமர் வாங்குவது.

போன மாதம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாற்பத்திரண்டு செடிக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டாயிற்று. தினமும் காலையில் வால்வைத் திறக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மூட வேண்டும். திறப்பது நான். மூட ஞாபகம் வருவது சாந்தாமணிக்கு. நேற்று அவள் அவிநாசி போயிருந்தாள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, கத்திரிக்குத் தண்ணி உட்டீங்களா, நெல்லு நடறதுக்கு உட்டீங்களா?" என்று கேட்டாள். கட்டிய மனைவியிடம் இந்தப் பேச்சு கேட்பதற்கு ஒரு டைமர் வாங்கிவிடலாம்.

கரண்டில் ஓடுவது வேண்டாம். எந்நேரம் போகும், எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரிதான். கடையில் பார்த்தவை:

1. சாவி கொடுப்பது. முறுக்கினால் அறுபது நி. ஓடித் தானே மூடும். பேட்டரியே தேவையில்லை. ஆனால் முறுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் மறுபடியும் நான். வேண்டாம்.

2. இரண்டு திருகு வைத்தது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை நி. என்று திருகி வைத்தால் போதும். பேனா பேட்டரி இரண்டு. உள்ளே ஒரு உருண்டை சுற்றி வழியை அடைக்குமாம். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது.

3. திரை வைத்தது. கிழமை, மணி, நிமிடம் எல்லாம் போடலாம். சதுர பேட்டரி ஒன்று, வருஷம் முழுக்க வருமாம். கையில் எடுத்தால் நல்ல கனம். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

கடைக்காரர் கேட்டார், மோட்டார் லைனுக்கா, டேங்க் லைனுக்கா என்று. பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்கள் வீதிக்காரர். மோட்டார் லைன் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் மூன்றாவதைத் தாராளமாகப் போடலாம் என்றார்.

பொய்தான். ஏன் சொன்னேன் என்று இங்கே எழுதிவைக்கலாம், யார் பார்க்கப் போகிறார்கள். போர்த் தண்ணீர் சாயப்பட்டறைக் கழிவு கலந்து உப்பு. போன வருஷம் அதை ஊற்றி முருங்கையே கருகியது. அதனால் செடிக்கு, பக்கத்தில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டுக்காரர்களுக்கான நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து, சுவருக்கு இந்தப் பக்கமாக ஒரு குழாய் இறக்கியிருக்கிறேன். எட்டுக் குடித்தனமும் குடிக்க, சமைக்க அந்தத் தொட்டிதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை கார்ப்பரேஷன் தண்ணீர் வந்து நிறையும். ஊரே குடத்தோடு நிற்கிற பங்குனி வெயிலில் அதைச் செடிக்கு விடுகிறேன் என்று நான்கு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கால் மணி நேரம்தானே.

ஏப். 9, புதன்

தொட்டி இன்று நிறைந்தது. டைமர் மாட்டியாயிற்று. காலை 5.30, 15 நி. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். 5.45க்கு டிக் என்று ஒரு சத்தம், சொட்டு நின்றது. திரையில் மூடிவிட்டதாகக் காட்டியது. சின்னப் பிள்ளை போல சாந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் மாவு. பார்த்துவிட்டு, டிக்குன்னா மூடிருச்சுன்னு அர்த்தமா என்று கேட்டுவிட்டுப் போனாள். ரசனை இல்லாதவள்.

வெயிலுக்கு ஈரம் காயாமல் இருக்க, கம்பெனியிலிருந்து நான்கு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து செடிகளைச் சுற்றிப் பரப்பினேன். வெள்ளை பனியன் துணி, ஒரு சாண் கனம். வைக்கோலுக்கு எங்கே போவது. மூட்டை மூட்டையாக விழுவது இதுதான்.

மறக்காமல்: ஓவர்லாக் ஊசி. தையல் மிஷின் பெல்ட். கொத்தமல்லி விதை.

ஏப். 12, சனி

காலையில் லைன் வீட்டுப் பக்கம் ஒரே சத்தம். தொட்டி காலி. ஐந்து நாள் வர வேண்டியது மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. மாரியப்பன்தான் வந்து சொன்னார், மூன்றாம் வீட்டுக்காரர், தேனிப் பக்கம். யாரோ அளவுக்கு மேல் பிடிக்கிறார்கள் என்றார். எல்லோரும் வீதிக் குழாய்க்குக் குடம் தூக்கிப் போனார்கள்.

யாராக இருக்கும்?

தோட்டம் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. தக்காளி இலை மட்டும் இரண்டு மஞ்சள். வெயில்.

ஏப். 14, திங்கள்

தண்ணீர் வந்தது. லைன் வீட்டுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். காலை 5.30 முதல் 7.30 வரை திறப்பேன். வீட்டுக்குப் பன்னிரண்டு குடம், வரிசையில். சாவி என் இடுப்பில். கடைசி வீட்டு ரோஸ்லின்தான் முதல் ஆள் எப்போதும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். ஷிப்ட் ஆறரைக்கு. நாலரைக்கே எழுந்துவிடுகிறாள்.

நாலரைக்கு எழுந்து என்ன செய்கிறாள்? வீட்டுக்குள் ஒரு நீல டிரம் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது பார்த்தேன். இருநூறு லிட்டர் இருக்கும்.

ஏப். 17, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

5.30க்குக் குழாயைத் திறந்தேன். புஸ் என்று காற்று. மறுபடி காலி. பூட்டுப் போட்டும் காலி. எட்டு வீட்டுக்காரர்களும் குடத்தோடு நிற்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ரோஸ்லின் முன்னால் நின்றாள். எத்தனை மணிக்கு எழுந்து எதைத் திறக்கிறாய் என்று கேட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள். எங்கள் அப்பன் காலத்துக் கிணற்றை இழுத்தேன். மூன்று பங்காளிக்கு ஒரு கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை மாற்றி மடை திருப்பியவன் வீட்டுக்கு ஒருவரும் சாப்பிடப் போக மாட்டார்கள். அதைச் சொன்னேன்.

"முறைத் தண்ணி திருடுன ஊட்டுல நாங்க யாரும் கை நனைக்க மாட்டோம், தெரிஞ்சுக்க."

தெரிஞ்சுக்க. ஐந்து வயசுப் பிள்ளையைக் கூட வாங்க போங்க என்று சொல்லி வளர்ந்த வாய் இது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நேராக அவள் வீட்டு வாசலுக்குப் போய் அந்த டிரம்மைத் திற என்றேன். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். அவள் புருஷன் செல்வராஜ் நைட் ஷிப்ட் முடிந்து வரவில்லை. பிள்ளை, ஆறாம் வகுப்பு, தலை பின்னிக்கொண்டிருந்தது, பாதிப் பின்னலோடு எழுந்து நின்றது.

"நீங்களே தொறந்து பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

நானே திறந்தேன். அரிசிப் பை. பிள்ளையின் புத்தகம். துணியில் சுற்றிய கல்யாண ஆல்பம். எலிக்குப் பயந்து வைத்திருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூடிவிட்டு வந்திருக்க வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் நேற்று இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்? அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு திரும்ப மானம் இடம் கொடுக்கவில்லை. இப்போது அந்த மானம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கம்பெனியில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஏப். 18, வெள்ளி

செல்வராஜ் வந்தார். அயனிங் வேலை, கையெல்லாம் சூட்டுத் தழும்பு. சண்டைக்கு வருவார் என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். குரலை உயர்த்தவே இல்லை. மாசக் கடைசியில் காலி பண்ணிக்கொள்கிறோம் என்றார். சரி என்றேன். என்னங்க அவசரம் என்றாவது கேட்டிருக்கலாம்.

சாந்தாமணி இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை வைப்பதோடு சரி. மதியம் மட்டும் ஒன்று சொன்னாள். ரோஸ்லின் பிள்ளைக்கு நேற்றுப் பிறந்தநாளாம், கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தாளாம். எதிர் வீட்டுக்காரி வாங்கவில்லை. அடுத்தவள் வாங்கிவைத்துவிட்டு அப்படியே கொட்டினாளாம்.

"நீங்க கை நனைக்க மாட்டோமுன்னு சொன்னீங்கல்ல, அதானுங்க."

அந்த வழக்கமே அவர்கள் யார் ஊரிலும் கிடையாது. நான் கற்றுக்கொடுத்தது.

ஏப். 19, சனி

தண்ணீர் வந்தது. குழாய் வரிசையில் ரோஸ்லின் கடைசியில் நின்றாள். அவளாகப் போய் நின்றாளா, தள்ளிவிட்டார்களா தெரியவில்லை. நான் சாவியை மாரியப்பனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பேட்டரி திரையில் முழுசாகக் காட்டுகிறது.

ஏப். 21, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பையும் எழுதிவைக்கிறேன்.

காலை ஏழு மணி. கத்திரி ஒன்று துவண்டு கிடந்தது. பிடுங்கிப் போடலாம் என்று இழுத்தேன், வேர் அழுகி சேறோடு வந்தது. மேலே துணி காய்ந்துதான் இருந்தது, வெயிலில் மொறமொற என்று. அடியில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை தண்ணீர். வேஸ்ட்டை அள்ளிப் பிழிந்தால் வாளியில் பிழிகிற மாதிரி கொட்டுகிறது. ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன், நாற்பத்திரண்டும் அப்படியே. பள்ளத்துத் தென்னங்குழி நிறைந்து தளும்பிக்கொண்டிருக்கிறது. பனியன் துணி அத்தனையையும் குடித்து மறைத்துவிட்டது. வெளியே ஒரு சொட்டுக் காட்டவில்லை.

டைமர் திரையில் மூடியிருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. குழாயில் காதை வைத்தேன். உள்ளே சரசரவென்று ஓடுகிறது. இரவு பகலாக ஓடியிருக்கிறது. பூட்டுப் போட்டது அவர்கள் குழாய்க்கு. திருடியது என் குழாய்.

வால்வைக் கையால் மூடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். சாந்தாமணி வந்து பார்த்தாள், சேற்றுக் கையைப் பார்த்தாள், துணியைத் தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை.

"அந்தப் புள்ள வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்துருங்க."

அவள் ஆறரைக்கே போயிருப்பாள், சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது நான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஓடியது என்று தெரியாது.

ஏப். 22, செவ்வாய்

கடைக்குப் போனேன். மூடவில்லை என்றேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், ஒன்றும் கோளாறு இல்லையே என்றார். மோட்டார் லைன்தானே என்று கேட்டார். இன்றைக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. டேங்க் என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

விஷயம் இதுதான். திரை வைத்தது மூடுவதற்குத் தண்ணீர் தள்ளுகிற வேகம் வேண்டும். மோட்டாரில் அது உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது எப்படியோ ஒப்பேற்றிவிடும். கொஞ்சம் இறங்கியதும் டிக் என்று சத்தம் வரும், வாய் மூடாது. தொட்டிக்கு இரண்டாவதுதான் சரி, விளையாட்டுச் சாமான் என்று நான் நினைத்தது.

"அன்னைக்கே டேங்க்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா அதத்தானுங்க குடுத்திருப்பேன்."

அதற்குத்தான் கேட்டிருக்கிறார். பாவம்.

இதில் இன்னொரு கூத்து. இரண்டாவதை வாங்கிக்கொண்டு வந்தேன். இத்தனைக்கும் பிறகு. பையோடு வந்தவனைப் பார்த்து, எதுக்குங்க இது என்றாள் சாந்தாமணி. பரண்மேல் போட்டேன்.

அதைவிடக் கேவலம் சாயங்காலம். குழாயடியில் மாரியப்பனும் இன்னும் இரண்டு பெண்களும். தொட்டி லைனில் சின்ன லீக், சரி பண்ணிவிட்டேன், இனிமேல் பூட்டு வேண்டாம் என்றேன். செடியைப் பற்றி மூச்சு விடவில்லை. மாரியப்பன் கேட்டார், அப்ப ரோஸ்லின் அக்கா எடுக்கலையா என்று. ஒரு 'இல்லை' சொன்னால் முடிந்தது. ஓரெழுத்து கூட இல்லை, தலையை ஆட்டினால் போதும்.

"ரெண்டும் இருக்கலாமுங்க" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். டைமர் சொல்லவில்லை.

ஏப். 24, வியாழன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை.

தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்தே இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இன்று அவள் வீட்டு வாசல் வரை போனேன். அவள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சுதுங்களா என்று கேட்டேன். முடிஞ்சிட்டு அண்ணாச்சி என்றாள். எந்தப் பக்கம் போறீங்க என்றேன். சோமனூர்ப் பக்கம், அவருக்கு அங்கே வேலை சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்லதாம்.

சொல்லாததற்குக் காரணங்கள், நானே எனக்குச் சொன்னவை:
- பிள்ளை முன்னால் வேண்டாம்.
- செல்வராஜ் இருக்கும்போது சொன்னால் மரியாதை.
- சொல்லி என்ன ஆகப் போகிறது, எப்படியும் போகிறார்கள்.
- ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்பார்கள், அப்போது சொல்லலாம்.

கடைசிக் காரணம் மட்டும் கொஞ்சம் யோக்கியமாகத் தெரிகிறது. அத்தனை பேர் முன்னால் டிரம்மைத் திறந்துவிட்டுத் தனியாகக் காதோடு போய்ச் சொல்வது என்ன நியாயம். ஆனால் அதையும் தள்ளிப்போடத்தான் நினைத்தேனோ என்னவோ.

ஏப். 26, சனி

கட்டிங் வேஸ்ட் முழுவதையும் வாரி மூட்டை கட்டினேன். நாற்றம். பன்னிரண்டு செடி போயிற்று. தொட்டியிலிருந்து வரும் குழாயை அறுத்து மூடி போட்டாயிற்று. மிச்சச் செடி உப்புத் தண்ணீரில் பிழைத்தால் பிழைக்கட்டும்.

நாளை காலை அவர்களுக்கு வண்டி வருகிறது. சாந்தாமணி, நீங்க சொல்லலீன்னா நான் சொல்லுவேன் என்றாள். மிரட்டுகிற குரலே இல்லை, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

ஏப். 27, ஞாயிறு

வானம் மப்பு. மழை இல்லை.

எட்டு மணிக்குக் குட்டியானை வண்டி வந்தது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை. லீவு நாள், எல்லோரும் வெளியே நின்றார்கள். ஒரு கை கொடுக்க ஒருவரும் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பிள்ளையுமே தூக்கி ஏற்றினார்கள்.

போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வந்தபடி சொன்னேன். தொட்டித் தண்ணீரை யாரும் திருடவில்லை. என் செடிக்கு நான் குழாய் போட்டிருந்தேன், உங்களுக்குத் தெரியாமல். டைமர் மூடவில்லை. ஓடியதெல்லாம் என் தோட்டத்துக்கு. சின்ன லீக் என்று சொன்னது பொய். ரெண்டும் இருக்கலாம் என்று சொன்னது அதைவிடப் பெரிய பொய். இந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. தப்பு என்னுதுங்க, மன்னிச்சுக்கங்க என்று ரோஸ்லினையும் செல்வராஜையும் பார்த்துக் கும்பிட்டேன்.

எதிர் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கேசரியைக் கொட்டியவள் உள்ளே போய்விட்டாள். மாரியப்பன்தான் பேசினார், ஓனரே இறங்கி வந்து சொல்றீங்க, பெரிய மனசுங்க என்று. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

இந்த வீடு உங்களுக்கு எப்பவும் இருக்கு, சாமானை இறக்கிடலாமுங்க என்றேன். செல்வராஜ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ரோஸ்லின் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பார்க்கிற முகம்.

"இது ஒங்களுக்கு என்னைக்கு அண்ணாச்சி தெரிஞ்சிது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சாந்தாமணி வாசலில் நின்றாள், அவளுக்காக இல்லை, எனக்கே இனி ஒரு பொய் தாங்காது.

"திங்கக்கெழமைங்க" என்றேன்.

அவள் பிள்ளையை ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்தாள். பாவாடையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல் சொன்னாள்.

"புதன்கெழமதான் பிள்ளைக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கினேன்."

ஏறி உட்கார்ந்தாள். வண்டி போய்விட்டது.